நிறுவல் ஆவணமும் அதன் காலாவதியும்: கட்டற்ற இயங்குதள வழிகாட்டிகளைப் புதுப்பிக்கும் முறை

கணினியில் ஓர் இயங்குதளத்தை நிறுவக் கற்பிக்கும் வழிகாட்டி ஆவணம் மற்ற நூல்களிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது: எழுதப்பட்ட நாளில் முற்றிலும் சரியாக இருந்த அதன் வாக்கியம், ஓர் எழுத்துகூட மாறாமலேயே, சில ஆண்டுகளில் பிழையாகிவிடுகிறது. ஆவணம் விளக்கும் மென்பொருளும், அம்மென்பொருள் இயங்கும் வன்பொருளும், அதை இறக்கித் தரும் இணையக் கிடங்குகளும் தத்தம் வேகத்தில் மாறிக்கொண்டிருக்க, ஆவணம் மட்டும் எழுதப்பட்ட நாளிலேயே நின்றுவிடுவதுதான் இதற்குக் காரணம். இந்த இடைவெளியைக் கண்டறிவதும், இயன்றவரை குறைப்பதும், குறைக்க முடியாத இடத்தில் அது இருப்பதை வாசகருக்குத் தெரியும்படி காட்டுவதும் மென்பொருள் பணியில் நிரல் எழுதுவதற்கு இணையான பொறுப்புகளாகும். கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழில் எழுதப்படுபவை எத்தனை ஆண்டுகளுக்குப் பயன்படும் என்பதும் இப்பொறுப்பு எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்பதையே சார்ந்திருக்கிறது.

இயங்குதளமும் வழங்கலும்

செயலி, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, திரை ஆகியவற்றை நிருவகித்து, பிற மென்பொருள்கள் அவற்றைப் பயன்படுத்த வழிசெய்யும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். அதன் மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை வழங்கப்பட்டிருந்தால் அது கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் அழைக்கப்படுகிறது. லினக்ஸ் என்னும் கருநிரலோடு ஆயிரக்கணக்கான பிற நிரல்களைச் சேர்த்து, அவை ஒன்றோடொன்று பொருந்துமாறு சோதித்து, நிறுவத் தகுந்த வடிவில் தரும் தொகுப்பு வழங்கல் எனப்படும். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இத்தகைய வழங்கல்களுள் மூத்தவற்றில் ஒன்று. உலகெங்கும் பரவிய உபுண்டுவும், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டு எழுந்தவை என்பதால், டெபியனின் நிறுவல் முறையில் நிகழும் மாற்றம் அவற்றின் பயனர்களையும் ஏதேனும் ஒரு வடிவில் வந்தடைகிறது.

டெபியன் தன் நிறுவல் கையேட்டை ஒரே மூலத்திலிருந்து பல நூல்களாக உருவாக்குகிறது. செயலி வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கையேடு எழுதப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான பத்திகளும், குறிப்பிட்ட செயலி வகைக்கு மட்டும் உரிய பத்திகளும் ஒரே கோப்பில் அடையாளமிடப்பட்டிருக்க, தொகுக்கும் நிரல் தேவையானவற்றைத் தேர்ந்து அந்தந்தக் கையேட்டை உருவாக்குகிறது. வெளியீட்டின் பெயரும் எண்ணும்கூட உரைக்குள் நேரடியாக எழுதப்படாமல் மாறிகளாக வைக்கப்படுவதால், புதிய வெளியீடு வரும்போது ஓரிடத்தில் மாற்றினால் நூல் முழுவதும் மாறிவிடுகிறது. இந்த ஏற்பாடு பெயரளவிலான பழமையைத் தீர்க்குமே தவிர, பொருளளவிலான பழமையைத் தீர்ப்பதில்லை. பெயர் மட்டும் புதுப்பிக்கப்பட்டு உள்ளடக்கம் பழையதாகவே நிற்கும் ஆவணம் தன்னைப் புதியதாகக் காட்டிக்கொள்வதால், வெளிப்படையாகப் பழைய ஆவணத்தைவிட அதிகம் தவறான வழியில் செலுத்தவும் கூடும்.

கீழ்பென்னாத்தூரில் உள்ள பழைய மடிக்கணினி

ஆவணத்தின் பழமை யாரை அதிகம் பாதிக்கிறது என்பதை அறிய, திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த, நெல்லும் மணிலாவும் விளையும் வட்டத் தலைநகரான கீழ்பென்னாத்தூரில் இருக்கும் ஒரு வாசகரை மனத்தில் கொள்வது உதவும். பெருநகரங்களில் நிறுவல் பாதியில் நின்றுவிட்டால் கேட்பதற்கு அலுவலக நண்பர் இருப்பார், வேறொரு கணினி இருக்கும், கம்பிவழி இணைய இணைப்பும் இருக்கும். சிற்றூரில் இவை மூன்றுமே இல்லாத வாசகருக்கு ஆவணம் ஒன்றே துணையாகிறது. ஆவணத்தின் தரத்தை அளக்க இத்தகைய வாசகரே சரியான அளவுகோல்.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களின் வீடுகளுக்குப் பல லட்சம் மடிக்கணினிகள் சென்று சேர்ந்தன. தொடக்கக் கட்டங்களில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் அடுத்தடுத்து நிறுவப்பட்டிருந்தன. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆகவே இன்னும் இயங்கும் நிலையில் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றைப் பாதுகாப்பாகத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமானால், அதில் ஒரு புதிய கட்டற்ற இயங்குதளத்தை நிறுவுவதே செலவில்லாத வழி. அதற்குச் சரியான ஆவணம் தேவைப்படுகிறது.

இங்கேதான் முதல் சிக்கல் எழுகிறது. செயலிகள் ஒரே நேரத்தில் கையாளும் எண்ணின் நீளத்தைப் பொறுத்து 32 பிட், 64 பிட் என இரு வகைப்படும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் தனிக்கணினிகளுக்கான நிறுவல் வட்டைத் தருவதை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் வடிவில் மட்டுமே வெளியிடப்பட்டதால், அதன் அமைப்புத் திரையில் 32 பிட் என்று காணும் வாசகர் தம் மடிக்கணினியால் புதிய வெளியீட்டை இயக்க முடியாது என்று முடிவுசெய்துவிட வாய்ப்புண்டு. ஆனால் அந்தத் திரை இயங்குதளத்தின் வகையைச் சொல்கிறதே தவிர, செயலியின் வகையைச் சொல்வதில்லை. அக்காலத்து இரட்டைக் கருச் செயலிகளில் பெரும்பாலானவை 64 பிட் நிரல்களை இயக்க வல்லவை. பாஸ் லினக்ஸில் எல்எஸ்சிபியு என்னும் கட்டளையை இட்டால், அச்செயலி 32 பிட், 64 பிட் ஆகிய இரு முறைகளையும் ஏற்குமா என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். 32 பிட் ஆதரவு நீடித்த காலத்தில் இந்தச் சோதனையை விளக்க வேண்டிய கட்டாயம் ஆவணத்துக்கு இருக்கவில்லை. தவறான வட்டைத் தேர்ந்தெடுத்தாலும் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ஆதரவு நின்றபின் அந்த ஒரு வரியே கணினி பயன்படுமா, மூலையில் கிடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. புதுப்பித்தல் என்பது தவறாகிவிட்டதைத் திருத்துவது மட்டுமன்று, முன்பு சொல்லாமல் விடத்தக்கதாக இருந்ததை இப்போது சொல்வதும் ஆகும் என்பதற்கு இது சான்று.

இணைய இணைப்பிலும் இதே நிலைதான். ஒரு ஜிபிக்கும் குறைவான சிறு நிறுவல் வட்டை இறக்கிக்கொண்டு, மீதியை நிறுவும்போதே இணையத்திலிருந்து பெறுவது வேகமான இணைப்பு உள்ளவர்களுக்கு ஏற்ற முறை. கைப்பேசித் தரவை மட்டுமே நம்பியிருப்பவருக்கு, தேவையான நிரல்கள் பெரும்பாலும் உள்ளேயே அமைந்த பெரிய வட்டை நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொள்வதே பாதுகாப்பானது. கம்பியை இணைக்கவும் என்று மட்டும் சொல்லும் ஆவணம், கம்பியே இல்லாத வீட்டில் முதல் பக்கத்திலேயே பயனற்றதாகிறது. கைப்பேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால், கணினி பொதுவாக அதனை ஒரு கம்பிவழி இணைப்பாகவே காண்கிறது என்னும் செய்தியைச் சேர்த்தால் அதே ஆவணம் அவ்வீட்டிலும் பயன்படும்.

வன்தட்டின் பெயரும் அழிவின் வாய்ப்பும்

ஆவணத்தின் பழமை எல்லா இடங்களிலும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. திரையின் நிறமோ பொத்தானின் இடமோ மாறியிருந்தால் வாசகர் சற்றுத் தடுமாறி முன்னேறிவிடுவார். வன்தட்டைக் குறிக்கும் பெயர் மாறியிருந்தாலோ அவருடைய கோப்புகள் அனைத்தும் அழிந்துபோகலாம்.

லினக்ஸில் ஒவ்வொரு சேமிப்புக் கருவிக்கும் ஒரு பெயர் உண்டு. 2000களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஆவணங்களில் கணினியின் முதல் வன்தட்டு எச்டிஏ என்று குறிக்கப்பட்டது. கருநிரலின் இயக்கிகள் மாற்றி எழுதப்பட்டபின், அப்பத்தாண்டின் பிற்பகுதியில், அதே வகை வன்தட்டுகள் எஸ்டிஏ என்னும் பெயரைப் பெற்றன. பென்டிரைவ்களும் அதே பெயர் வரிசையில் வருவதால், உள்ளே ஒரு வன்தட்டு உள்ள கணினியில் செருகப்படும் பென்டிரைவ் வழக்கமாக எஸ்டிபி ஆகிறது. பின்னர் வந்த என்விஎம்ஈ வகைச் சேமிப்பகங்கள் தமக்கென என்விஎம்ஈ0என்1 என்பது போன்ற தனிப் பெயர் வரிசையைக் கொண்டிருக்கின்றன. ஆகவே அவ்வகைச் சேமிப்பகம் மட்டும் உள்ள புதிய கணினியில் எஸ்டிஏ என்னும் பெயர் காலியாக இருக்க, பென்டிரைவ் அப்பெயரை எடுத்துக்கொள்கிறது.

இந்த வரலாற்றின் விளைவை நிறுவல் வட்டைப் பென்டிரைவில் எழுதும் படியில் தெளிவாகக் காணலாம். 2011இல் வெளிவந்த டெபியன் 6 முதல், இறக்கிய கோப்பை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தாலே அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். நகலெடுக்கும் கட்டளையில் எந்தக் கருவியில் எழுத வேண்டும் என்பதை அதன் பெயரால் குறிக்க வேண்டும். புதிய மடிக்கணினியில் சோதித்துப் பார்த்து எழுதும் ஒருவர், தம் திரையில் கண்டபடி, எஸ்டிஏ என்னும் கருவியில் எழுதவும் என்று நேர்மையாகவே குறிப்பிடுவார். அந்த வரியைப் பழைய அரசு மடிக்கணினியில் பின்பற்றும் மாணவருக்கு எஸ்டிஏ என்பது பென்டிரைவ் அன்று. குடும்பப் படங்களும் பாடக் குறிப்புகளும் இருக்கும் வன்தட்டு. கட்டளை எந்தக் கேள்வியும் கேட்காமல் அதன் தொடக்கப் பகுதியின் மேல் எழுதிவிடும்.

வன்தட்டின் தொடக்கப் பகுதியில்தான், எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குறித்துவைத்திருக்கும் பகிர்வு அட்டவணை இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள புல வரைபடம் போன்றது அது: வரைபடம் தொலைந்தால் நிலம் மறைந்துவிடாது என்றாலும், எந்த உட்பிரிவு எதுவரை என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பகிர்வு அட்டவணையின் மேல் எழுதப்பட்டால், தட்டில் மிச்சமிருக்கும் தரவுகள்கூட எளிதில் எட்டாதவை ஆகிவிடுகின்றன. எழுதப்பட்ட பகுதிக்குள் இருந்தவையோ மீளவே மாட்டா.

புதிய ஆவணம் பழைய கணினிக்குத் தீங்கு செய்யும் இந்த நிலை, புதுப்பித்தல் என்பதன் பொருளை விரிவாக்குகிறது. பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரை எழுதுவது தீர்வாகாது, ஏனெனில் இரு பெயர்களும் வெவ்வேறு கணினிகளில் இன்றும் உண்மை. பெயரைச் சொல்லாமல் பெயரைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்வதே தீர்வு: பென்டிரைவைச் செருகுவதற்கு முன் ஒருமுறையும் செருகியபின் ஒருமுறையும் எல்எஸ்பிஎல்கே என்னும் கட்டளையை இட்டு, புதிதாகத் தோன்றிய கருவி எது, அதன் கொள்ளளவு பென்டிரைவின் மேல் அச்சிட்டிருப்பதோடு ஏறத்தாழ ஒத்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுத வேண்டும். விடையை எழுதிவைக்கும் ஆவணம் விரைவில் பழையதாகிறது. விடையைக் காணும் சோதனையை எழுதிவைக்கும் ஆவணம் நெடுநாள் நிலைக்கிறது.

முடிவுகள் மாறும்போது மாறும் உரை

வன்பொருள் மட்டுமன்றி, வழங்கலை உருவாக்கும் சமூகத்தின் முடிவுகளும் ஆவணத்தைப் பழையதாக்குகின்றன. கம்பியில்லா இணைப்பு அட்டை போன்ற கருவிகள் பல, தாம் இயங்குவதற்கு ஃபர்ம்வேர் எனப்படும் சிறு நிரல் ஒன்றைக் கணினியிடமிருந்து பெற வேண்டியவை. அந்நிரல்களின் மூலநிரல் பெரும்பாலும் வெளியிடப்படாததால், கட்டற்ற மென்பொருளை மட்டுமே தருவது என்ற கொள்கையின்படி டெபியன் தன் அதிகாரப்பூர்வ வட்டில் அவற்றை நீண்டகாலம் சேர்க்கவில்லை. தேவையான ஃபர்ம்வேரை வேறொரு கணினியில் இறக்கி, பென்டிரைவில் வைத்து, நிறுவும்போது கொடுக்கும் முறையைக் கையேடு விளக்கியது. கம்பி இணைப்பும் இரண்டாவது கணினியும் இல்லாத வாசகர் அந்தப் படியைத் தாண்டுவது அரிது. 2022 அக்டோபரில் முடிந்த பொது வாக்கெடுப்பில் டெபியன் உறுப்பினர்கள் தம் சமூக ஒப்பந்தத்தைத் திருத்தி, அத்தகைய ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ வட்டிலேயே சேர்க்க ஒப்புதல் அளித்தனர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டியைப் பின்பற்றுபவர், இன்று தேவைப்படாத கடினமான வேலை ஒன்றைத் தேவையானது என்று நம்பி, தொடங்குமுன்பே கைவிடக்கூடும்.

கிடங்கின் முகவரி மாறுவது இன்னொரு வகை. நிறுவிய பின் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற, அவை எந்தக் கிடங்கில் உள்ளன என்னும் ஒரு வரி கணினியின் அமைப்புக் கோப்பில் இருக்க வேண்டும். டெபியன் 10 வரை அந்த வரியில் வெளியீட்டின் பெயரை அடுத்து ஒரு சாய்கோடும் அப்டேட்ஸ் என்னும் சொல்லும் வந்தன. 2021இல் வந்த டெபியன் 11 முதல் பெயரை அடுத்து ஓர் இணைகோடும் செக்யூரிட்டி என்னும் சொல்லும் வருகின்றன. பழைய குறிப்பை வைத்துக்கொண்டு வெளியீட்டின் பெயரை மட்டும் மாற்றும் பயனருக்கு, அத்தகைய கிடங்கு இல்லை என்ற பிழைச்செய்தி கிடைக்கும். மற்றக் கிடங்குகளிலிருந்து நிரல்கள் வழக்கம்போல் வருவதால் அச்செய்தியைப் பொருட்படுத்தாமல் விடுபவரின் கணினி நன்றாகவே ஓடும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூட வந்து சேராது. கண்ணுக்குப் புலப்படாத இத்தகைய தவறே ஆவணப் பணியாளர்கள் முதலில் தேட வேண்டியது.

இறக்கிய கோப்பு சிதைவோ திருட்டு மாற்றமோ இன்றி வந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் படியும் இவ்வாறே மாறியது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித முறையில் பெறப்படும் சிறு குறியீடு சரிபார்ப்புத் தொகை எனப்படும். எம்டி5 என்னும் பழைய முறையில் ஒரே தொகையைத் தரும் இரு வேறு உள்ளடக்கங்களை உருவாக்க முடியும் என்று 2004இல் சீன ஆய்வாளர் சியாவ்யுன் வாங்கும் அவர் குழுவினரும் காட்டினர். அதனால் 64 பதினறும இலக்கங்களாக எழுதப்படும் எஸ்எச்ஏ256 போன்ற வலுவான முறைகளை ஆவணங்கள் பரிந்துரைக்கின்றன. எம்டி5 தொகையை ஒப்பிடச் சொல்லும் பழைய குறிப்பு, தற்செயலாக நேரும் சிதைவைக் காட்டிக்கொடுக்குமே தவிர, திட்டமிட்ட ஏமாற்றிலிருந்து காப்பாற்றாது.

தமிழ்த் திரையும் மொழிபெயர்ப்பின் கணக்கும்

டெபியனின் நிறுவல் நிரல் தமிழிலும் பேசுகிறது. 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4, வரைகலை நிறுவல் முறையை அறிமுகப்படுத்தியபோது, அதுவரை இயலாதிருந்த தமிழ், இந்தி, மலையாளம், வங்காளம் போன்ற மொழிகளில் நிறுவல் திரைகளைக் காட்ட முடிந்தது. பழைய எழுத்துமுறைத் திரை, எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டங்களில் நிரப்புவது. தமிழிலோ ‘கொ’ போன்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் அமைகிறது. ‘கெ’ என்பதில் பின்னால் சேமிக்கப்படும் குறி முன்னால் தோன்ற வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் எழுத்துருப் பொறி வரைகலைத் திரையில் மட்டுமே கிடைத்தது. அதனால் எழுத்துமுறை நிறுவலைத் தேர்ந்தெடுப்பவர் மொழிப் பட்டியலில் தமிழைக் காணமாட்டார். தமிழில் எழுதப்படும் ஒவ்வொரு வழிகாட்டியும் தொடக்கப் பட்டியலிலேயே வரைகலை நிறுவலைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டியதன் காரணம் இதுவே.

இத்திரைகளின் சொற்றொடர்களைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கும் முறையில், ஆவணப் புதுப்பித்தல் குறித்த மிகச் சிறந்த பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பு முழு நூலாக எழுதப்படுவதில்லை. பிஓ என்று அழைக்கப்படும் கோப்பில், மூல ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றும் அதற்கு நேரான தமிழ்ச் சொற்றொடர் ஒன்றும் இணை இணையாக வைக்கப்படுகின்றன. குறுவட்டைச் செருகிக் கணினியைத் தொடங்கவும் என்னும் தமிழ் வாக்கியம் அதற்குரிய ஆங்கில வாக்கியத்தோடு இணைந்திருப்பதாகக் கொள்ளலாம். பின்னொரு நாள் ஆங்கில மூலத்தில் குறுவட்டு அல்லது பென்டிரைவ் என்று திருத்தப்பட்டால், இரு கோப்புகளையும் ஒப்பிடும் நிரல் இந்த மாற்றத்தைக் கண்டு, பழைய தமிழ் வாக்கியத்தை அழிக்காமல் அதன் தலையில் ஃபஸி என்னும் அடையாளத்தை இடுகிறது. அந்த வாக்கியம் மறுபரிசீலனைக்குக் காத்திருக்கிறது என்பது இதன் பொருள். மொழிபெயர்ப்பாளர் கோப்பைத் திறந்தவுடன் எத்தனை வாக்கியங்கள் சரியாக உள்ளன, எத்தனை அடையாளம் பெற்றுள்ளன, எத்தனை இன்னும் மொழிபெயர்க்கப்படவில்லை என்று மூன்று எண்களில் கணக்குத் தெரிந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமானது அடுத்த படி. அடையாளமிடப்பட்ட வாக்கியம் திருத்தப்படாமலேயே வெளியீடு நடந்தால், அவ்விடத்தில் பழைய தமிழ் வாக்கியம் காட்டப்படுவதில்லை. புதிய ஆங்கில வாக்கியம் காட்டப்படுகிறது. தமிழ்த் திரைகளுக்கு நடுவே திடீரென ஓர் ஆங்கில வரி தோன்றுவது தமிழ் வாசகருக்கு ஏமாற்றம் தரக்கூடும். ஆயினும் இது ஆழ்ந்து எடுக்கப்பட்ட முடிவு: தவறான தமிழைவிடச் சரியான ஆங்கிலம் வாசகருக்குக் குறைந்த தீங்கையே செய்யும் என்பதோடு, அந்த ஆங்கில வரி இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று எல்லோர் கண்ணுக்கும் அறிவிக்கிறது. தன் பழுதைத் தானே காட்டும் இந்தப் பண்பே நல்ல ஆவண அமைப்பின் அடிப்படை இலக்கணம்.

தமிழில் தனி நூல்களாகவும் கட்டுரைகளாகவும் வெளிவந்த நிறுவல் வழிகாட்டிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2012 ஜனவரி முதல் வெளிவரத் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் எளிய தமிழ் நூல்களையும் எவரும் பகிரக்கூடிய உரிமத்தில் வெளியிட்டுப் பெரும் பணி செய்திருக்கிறது. அத்தகைய கட்டுரை எதுவாயினும் எழுதியவரின் சொந்த நடையில், தமிழ் வாசகரின் ஐயங்களுக்கு நேராக விடை சொல்லுவதால், மொழிபெயர்த்த கையேட்டைவிட எளிதில் புரியும். ஆனால் மூலம் மாறும்போது அதை எச்சரிக்கும் நிரல் எதுவும் அதனோடு பிணைக்கப்பட்டிருப்பதில்லை. மொழிபெயர்ப்பின் எச்சரிக்கைத் திறனையும் சொந்த எழுத்தின் தெளிவையும் ஒருங்கே பெறுவது எவ்வாறு என்பதே தமிழ் ஆவணப் பணியின் முன்னுள்ள கேள்வி. பகிரவும் திருத்தவும் அனுமதிக்கும் உரிமம் இங்கே பெரிதும் உதவுகிறது, ஏனெனில் முதலில் எழுதியவர் வேறு பணிக்குச் சென்றுவிட்டாலும் இன்னொருவர் அதே உரையை எடுத்துத் திருத்தி வெளியிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஆவணத்தைச் சோதிக்கும் முறைகள்

ஓர் ஆவணம் இன்றும் சரியானதா என்பதைப் படித்துப் பார்த்து அறிய முடியாது. செய்து பார்த்தே அறிய முடியும். முதல் சோதனைக் களம் மெய்நிகர்க் கணினி, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. அதில் வெற்று வன்தட்டு ஒன்றை அமைத்து, ஆவணம் சொல்வதை மட்டும், நினைவில் உள்ள எதையும் கலக்காமல், வரிவரியாகச் செய்துபார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் நிலையைச் சேமித்துவைத்து, தவறினால் அந்த நிலைக்கே திரும்பலாம். ஓப்பன்சூசே சமூகத்தில் உருவான ஓப்பன்கியூஏ என்னும் கருவி இந்த வேலையைத் தானே செய்கிறது: நிறுவல் திரையைப் படமெடுத்து, எதிர்பார்க்கப்பட்ட படத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு தோன்றினால் அறிவிக்கிறது. நிறுவல் நிரலில் மாற்றம் நேர்ந்த அன்றே அது தெரியவந்தால், அத்திரையை விளக்கும் பத்தியையும் அன்றே திருத்தலாம்.

மெய்நிகர்க் கணினியில் கம்பியில்லா இணைப்பு அட்டையின் ஃபர்ம்வேர் குறையோ, குறிப்பிட்ட நிறுவனத்தின் மடிக்கணினியில் பென்டிரைவிலிருந்து தொடங்க எந்த விசையை அழுத்த வேண்டும் என்பதோ தெரியவராது. அதற்கு உண்மையான கணினிகளில் செய்த சோதனை தேவை. இந்தத் தேவைக்காக டெபியன் நிறுவல் அறிக்கை என்னும் முறையை வைத்திருக்கிறது. நிறுவலை முடித்தவர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். தொடக்கம், பிணைய இணைப்பு, வன்தட்டைக் கண்டறிதல், பகிர்வு, அடிப்படை அமைப்பு, தொடக்க நிரல் என ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு சதுர அடைப்பு இருக்கிறது. சரியாக நடந்திருந்தால் ஓ என்றும், பிழை நேர்ந்திருந்தால் ஈ என்றும் குறிக்க வேண்டும். முயன்று பார்க்காத படியை வெற்றாக விட வேண்டும். முயலாததைச் சரி என்று குறிக்காமல் வெற்றாக விடச் சொல்லும் அந்த ஒரு விதி, அறிக்கையின் நம்பகத்தன்மையைக் காக்கிறது. நிறுவல் நிரலும் தன் பங்குக்கு, நடந்த ஒவ்வொரு செயலின் பதிவையும் நிறுவப்பட்ட கணினியிலேயே தனி அடைவில் சேமித்துவைக்கிறது. வன்பொருளின் சுருக்கப் பட்டியலும் அதில் அடங்கும்.

மூன்றாவது சோதனை மனிதரைச் சார்ந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு போன்ற அமைப்புகள் புதியவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டிருக்கின்றன. இத்தகைய கூடல்களில், கற்றவர் அருகில் அமர்ந்து வாய் திறவாமல், புதியவர் ஆவணத்தை மட்டும் கொண்டு நிறுவுவதைக் கவனித்தால், எந்த வரியில் அவர் கை தயங்குகிறது, எந்தச் சொல்லைத் திரையில் தேடிக் காணாமல் திகைக்கிறார், எந்தப் படியைப் படிக்காமலேயே தாண்டுகிறார் என்பது தெரியும். தயங்கிய இடத்தில் வாயால் விளக்கம் சொல்லிவிட்டால் ஒருவருக்கு உதவி கிடைக்கும். அந்த விளக்கத்தை ஆவணத்தில் எழுதிவைத்தால் அதன்பின் வரும் அனைவருக்கும் கிடைக்கும்.

தமிழ் ஆவணங்களுக்கு வேண்டிய ஒழுங்கு

இவற்றிலிருந்து, தமிழில் எழுதப்படும் நிறுவல் வழிகாட்டி ஒன்று கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு தெளிவாகிறது. எந்த வழங்கலின் எந்த வெளியீட்டுக்கு உரியது, எந்த மாதத்தில், எத்தகைய கணினியில் சோதிக்கப்பட்டது என்பவை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தரவு அழியக்கூடிய படிகள், பாதுகாப்பைப் பாதிக்கும் படிகள், வெறும் தோற்றம் சார்ந்த படிகள் என்று பிரித்து, முதல் இரண்டு வகையையும் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் கட்டாயமாகச் செய்துபார்க்க வேண்டும். கருவிப் பெயர், பிணைய அட்டைப் பெயர், கிடங்கு முகவரி போன்று மாறும் இயல்புடைய விவரங்களை எழுதும்போது, அவற்றைக் கண்டறியும் கட்டளையும் உடன் இடம்பெற வேண்டும். நிறுவல் நிரலின் தமிழ்த் திரையில் உள்ள சொற்களையே வழிகாட்டியும் ஆள வேண்டும். வேறு நல்ல சொல் இருப்பதாகத் தோன்றினால், முதலில் திரையின் மொழிபெயர்ப்பைத் திருத்தி, பின்னர் வழிகாட்டியைத் திருத்துவதே முறை. உரையின் ஒவ்வொரு மாற்றமும் யாரால், எப்போது, எதற்காகச் செய்யப்பட்டது என்பதைப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பதிந்துவைத்தால், பத்து ஆண்டுகளுக்குப் பின் வருபவரும் காரணத்தை அறிந்து திருத்த முடியும்.

இந்தப் பணிக்கு ஒரு நாள்காட்டியும் இயல்பாகவே அமைந்திருக்கிறது. 2019, 2021, 2023, 2025 என்று அண்மைக் காலத்தில் டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வெளியீட்டைத் தந்திருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சில மாதங்களுக்கு முன்பே பெரிய மாற்றங்கள் நிறுத்தப்பட்டு, திருத்தங்களும் மொழிபெயர்ப்புகளும் மட்டும் ஏற்கப்படுகின்றன. அந்த மாதங்களில் தமிழ்க் கோப்பின் அடையாளமிட்ட வாக்கியங்களைத் திருத்தவும், தமிழ் வழிகாட்டிகளைப் பழைய கணினியிலும் புதிய கணினியிலும் செய்துபார்க்கவும் ஒரு சிறு குழு முன்வந்தாலே போதும். அதற்கு நிரல் எழுதும் தேர்ச்சி தேவையில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்துபார்க்கும் பொறுமையும், நடந்ததை நடந்தபடி எழுதும் நேர்மையும் தேவை. கீழ்பென்னாத்தூரில் ஓர் அரசு மடிக்கணினியில் செய்த நிறுவலின் அறிக்கைக்கும், பெர்லினிலோ டோக்கியோவிலோ செய்த நிறுவலின் அறிக்கைக்கும் டெபியனிடம் ஒரே மதிப்புதான். பெருநகர ஆய்வகங்களில் கிடைக்காத பழைய கணினியும் மெதுவான இணைப்பும் தமிழ்த் திரையும் ஒருங்கே அமைந்த சோதனை என்பதால், ஆவணத்தின் கண்ணுக்குப்படாத குறைகளைக் காட்டும் வாய்ப்பு முதல் அறிக்கைக்கே கூடுதலாக உண்டு.